கண்டக்டர் கைலாசநாதனின் அசதி

திருவேங்கடத்துக்கு முதல் நடை கிளம்பும் நேரத்தில் சங்கரன்கோவில் பஸ் நிலையமே கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும். டீ ஆற்றுகிறவர், பேப்பர் பிரிக்கிறவர், ஜன்னலோரத்தில் தலையைச் சாய்த்துக் கிடக்கும் பயணிகள் எல்லோருமே அரைத் தூக்கத்தில்தான் இருப்பார்கள். கண்டக்டர் கைலாசநாதனுக்கு ஒரு நாளில் பிடித்த நேரம் அதுதான். ஊரே சோர்ந்திருக்கும்போது அவருடைய சோர்வு தனியாகத் தெரியாது.

ஆனால் மற்றவர்கள் சோர்வு ஒரு டீயோடு போய்விடும். அவருடையது டீ குடித்த பிறகும் அப்படியே நிற்கும்.

ராத்திரி அவர் நன்றாகத்தான் தூங்குவார். எழுந்திருக்கும்போது விடிய விடிய லாரியில் மூட்டை ஏற்றியவர் போல இருக்கும். பல் தேய்க்கக் கையைத் தூக்கினால் தோள் கனக்கும். காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போடுவது ஒரு முழு வேலை. அதை முடித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். அதற்குள் மனைவி ஆனந்தி ஃப்ரிட்ஜில் இருந்து ஈரத்துண்டை எடுத்துக்கொண்டு வருவாள். முந்தின நாளே நனைத்துப் பிழிந்து உள்ளே வைத்தது. அதைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுவிட்டு, இன்னொன்றைப் பாலித்தீன் பையில் சுருட்டிக் கொடுப்பாள்.

"இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்பாள்.

"வண்டிய ஷெட்ட விட்டு எடுக்கவே இல்ல. அதுக்குள்ள டீசல் காலி" என்பார் கைலாசநாதன்.

தினமும் இதே கேள்வி, இதே பதில். ஆரம்பத்தில் அதைச் சொல்லும்போது இரண்டு பேரும் சிரித்தார்கள். இப்போது சிரிப்பதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வரை அவர் இப்படி இல்லை. அந்த வழியில் அவரை மாதிரி டிக்கெட் போட ஆள் கிடையாது என்பார்கள். ஓடுகிற வண்டியில் எந்தக் கம்பியையும் பிடிக்காமல் முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் போய்வருவார். கண்டக்டருக்கென்று எல்லா வண்டியிலும் பின்வாசல் பக்கத்தில் ஒரு சீட் உண்டு. அவர் அதில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கைப்பிள்ளையோடு ஏறுகிற பெண்ணுக்கோ, பூக்கூடையோடு ஏறுகிற நெல்லையம்மாளுக்கோ அதைக் கொடுத்துவிடுவார். "நாம நின்னாத்தான் வண்டி ஓடும்" என்று பெருமையாகச் சொல்வார்.

முதலில் வலது கண் மங்கியது. ஜன்னல் கண்ணாடியில் கரிசல் புழுதி படிந்தது போல இருந்தது. புழுதிதான் விழுந்திருக்கும் என்று கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டார். சில வாரத்தில் தானாகவே சரியானது. பிறகு ஒரு நாள் ஓடுகிற வண்டியின் படியில் நின்றபோது இடது கால் செருப்பு கழன்று ரோட்டில் விழுந்துவிட்டது. விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. அடுத்த நிறுத்தத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, "கண்டக்டர் மாமா ஒத்தக் கால்ல நிக்காரு, ஆடித் தபசு வந்துட்டு" என்று சொல்லிச் சிரித்தாள். கோமதி அம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்கிற திருவிழா அது. குனிந்து பார்த்தார். வெறுங்கால் சுடுகிற தகரத்தின் மேல் இருந்தது. சூடும் தெரியவில்லை.

ஆனந்தி கோமதி அம்மன் சன்னதிப் புற்றுமண்ணைக் கொண்டுவந்து காலில் பூசினாள். பூசிய கையோடு திருநெல்வேலிக்கும் கூட்டிப் போனாள். அங்கே ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு டாக்டரம்மா உட்காரவைத்துச் சொன்னார். நோயின் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். கரண்டு வயருக்கு மேலே ரப்பர் இருக்கிறது அல்லவா, அதுபோல நரம்புக்கு மேலேயும் ஒரு உறை உண்டு. உடம்பே அந்த உறையை அங்கங்கே அரித்துவிடுகிறது. மூளை சொல்கிற சேதி கை கால்களுக்கு ஒழுங்காகப் போய்ச் சேருவதில்லை. மருந்து உண்டு. முழுசாகப் போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம்.

"அசதிய மட்டும் லேசா நினைக்காதீங்க" என்றார் அந்த டாக்டரம்மா. "இது வேலை செஞ்சு வர்ற அசதி இல்ல. நோயே அசதியாத்தான் வரும். சூடு பட்டா கூடும். நடுவுல நடுவுல உட்காரணும், படுக்கணும். உங்களப் பாத்தா நோயாளின்னு யாருக்கும் தெரியாது. அதுதான் உங்களுக்குப் பெரிய கஷ்டமா இருக்கப் போகுது."

மருந்தில் கண் மறுபடி மங்கவில்லை, காலும் ஓரளவுக்குத் தேறியது. அசதி மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது.

விஷயத்தை அவர் வெளியில் சொல்லிப் பார்க்காமல் இல்லை. டிரைவர் தங்கப்பழத்திடம் ஒரு தடவை சொன்னார். தங்கப்பழம் நல்ல மனிதர்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். டீக்கடை முன்னால் நின்றுகொண்டு, "நரம்புல ஏதோ கோளாறுன்னு சொல்லுதாவ" என்று கைலாசநாதன் ஆரம்பித்ததும் அவர் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தார்.

"நரம்புத் தளர்ச்சியா? ஏன் வே, ரெண்டு பிள்ள பெத்த பொறவா?"

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் தங்கப்பழம் செய்தித்தாளில் ஒரு விளம்பரத்தைக் கிழித்துக்கொண்டு வந்தார். மாதம் ஒரு நாள் லாட்ஜில் ரூம் போட்டு ஆண்களுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கிற ஒருவருடைய படம் அதில் இருந்தது. "கூச்சப்படாதயும். எங்க மச்சான் போயிட்டு வந்தான், ஆளே மாறிட்டான்" என்றார். கைலாசநாதன் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நோயைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சொல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதே தனியார் பஸ் முதலாளியிடம் முன்பு ஆனந்த்சங்கர் என்று ஒரு கண்டக்டர் இருந்தார். அவருக்கு நெஞ்சு வலி வந்தது. முதலாளி அப்துல்லா ஒரு பை நிறைய ஆப்பிள் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனார். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "மொதல்ல உடம்பப் பாரு. வேலை எங்க போகுது" என்றார். அந்த வாரமே வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது. முதலாளி பொய் சொல்கிறவர் அல்ல. உடம்பு சரியில்லாத ஆளை வண்டியில் ஏற்றினால் பாவம் என்று உண்மையாகவே நம்புகிறவர். ஆனந்த்சங்கர் இப்போது ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் வாட்ச்மேனாக இருக்கிறார். கல்யாணம் இருந்தால்தான் கூலி.

கைலாசநாதன் நோய்க்குப் பயந்ததைவிட அந்த ஆப்பிளுக்குத்தான் அதிகம் பயந்தார்.

இப்படியிருக்கும்போதுதான் அவருக்கு இன்னொரு பேர் வந்தது. வெயில் ஏறிய ஒரு நடையில் வண்டி வளைவில் திரும்பியது. அவர் கால் பின்னி ஒரு பெரியவர் மடியில் போய் உட்கார்ந்துவிட்டார். சிவந்த கண், கழுத்தில் ஈரத்துண்டு, குழறுகிற நாக்கு. அந்தப் பெரியவர் அவரைத் தூக்கி நிறுத்திவிட்டு, "காலையிலேயே ஊத்தியாச்சா, அண்ணாச்சி? நல்ல சரக்கு போலுக்கே" என்றார். வண்டி சிரித்தது. மறுத்துப் பேச வாய் வரை வந்தது. ஆனால் மறுத்தால் பின்னே என்ன என்று கேட்பார்கள். கைலாசநாதன் அசட்டுச் சிரிப்பாகச் சிரித்துவிட்டு விசில் கொடுத்தார்.

அன்றைக்கு அவர் ஒன்றைக் கண்டுகொண்டார். குடிகாரன் தடுமாறினால் ஊர் சிரித்துவிட்டு விட்டுவிடும். நாளைக்குத் தெளிந்துவிடுவான் என்று எல்லோருக்கும் தெரியும். நோயாளிக்கு அந்த 'நாளைக்கு' என்பது கிடையாது.

விஷயம் முதலாளி காதுக்கும் போனது. கூப்பிட்டு அனுப்பினார். கைலாசநாதன் கைகட்டி நின்றார்.

"கைலாசம், சாயந்தரம் வண்டிய விட்டு எறங்கின பொறவு நீ என்ன செஞ்சாலும் அது உன் பாடு. டூட்டியில வேண்டாம். பொம்பளப் பிள்ளைய ஏறுத வண்டி."

"சரி, முதலாளி."

"பேரு கெட்டுப் போவும்."

"இனிமே இருக்காது, முதலாளி."

திட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது அவருக்கு மனம் லேசாக இருந்தது. ஆப்பிள் இல்லை. திட்டுதான். வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்தறியாத மனிதர், குடிகாரன் என்ற பேரைக் குடை மாதிரி பிடித்துக்கொண்டு மாதக் கணக்கில் ஓட்டினார்.

அந்தக் குடைக்குள் ஆனந்திக்கு இடமில்லை. அவள் தறிக்கூடத்தில் தார் சுற்றுகிறவள். தறியில் நெடுக்காக இருக்கும் பாவு நூலுக்குக் குறுக்கே ஓடுகிற நூலைச் சின்னக் குழல்களில் சுற்றிக் கொடுக்கிற வேலை. விசைத்தறி இரைச்சலில் பெண்கள் கத்தித்தான் பேச வேண்டும். அப்படிக் கத்தி ஒருத்தி கேட்டுவிட்டாள். "ஏட்டி ஆனந்தி, உங்க வீட்டுக்காரரு குடிச்சிட்டு வண்டிக்குள்ள விழுந்து கெடந்தாராமே." கூடம் முழுவதும் கேட்டது.

அன்று சாயங்காலம் அவர் வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சிமெண்டுத் தரையில் நீட்டிப் படுத்திருந்தார். தரை குளிர்ச்சியாக இருக்கும் என்று அப்படித்தான் படுப்பார். ஆனந்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நோய்னு சொல்லிருங்க."

"சொன்னா எறக்கி விட்ருவாவ."

"அதுக்காக? நாளைக்கு நம்ம பிள்ளைக்கு மாப்பிள்ள பாக்க வருதவன் தெருவுல என்ன கேட்டுட்டு வருவான்? குடிகாரன் மவளான்னுதானே கேப்பான்."

"நோய்க்காரன் மவளான்னு கேட்டா மட்டும் வந்துருவானாக்கும்."

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டே ஆனந்தி, "எனக்கு உங்க நோயச் சுமக்க முடியும். நீங்க செய்யாத தப்பச் சுமக்க முடியல" என்றாள். அவர் கண்ணை மூடியே இருந்தார். தூங்கவில்லை. பதில் சொல்ல வாயைத் திறப்பதற்கே ஒரு தெம்பு வேண்டியிருந்தது.

ஆடித் தபசு வந்தது. கொடியேறிய நாளில் இருந்தே கோயிலைச் சுற்றி ஜனங்கள் நேர்ந்துகொண்டு ஆடிச் சுற்று சுற்றிக்கொண்டிருந்தார்கள். தபசு அன்று சுற்று வட்டாரமே சங்கரன்கோவிலுக்குத்தான் வரும். அன்றைக்கு லீவு கேட்கிற கண்டக்டர் அதற்குப் பிறகு எப்போதும் லீவில்தான் இருக்க வேண்டும். கைலாசநாதன் போனார்.

திருவேங்கடத்தில் இருந்து திரும்புகிற மத்தியான நடை. படியில் தொங்கியும் ஆள். வெளியே ஆடிக்காற்று புழுதியைச் சுழற்றி அடித்தது. உள்ளே ஒரு காற்றும் இல்லை. வியர்வை, பூ, எலுமிச்சம்பழம், சூடான தகரம். கழுத்துத் துண்டு எப்போதோ காய்ந்து மொடமொடவென்று ஆகியிருந்தது. பையில் இருந்ததும் காய்ந்துவிட்டது. முன்வாசலில் ஆரம்பித்து டிக்கெட் போட்டுக்கொண்டே வந்தார். பாதி வண்டி தாண்டியதும் நனைந்த சாக்கு மாதிரி கால் கனத்தது. மேல் கம்பியைப் பிடித்திருந்த கை தானாக விட்டுவிட்டது. கண்ணில் பழையபடி புழுதி படிந்தது. விழுகிறோம் என்பது தெரிந்தது. அதைத் தடுக்க உடம்பில் யாரும் இல்லை.

பின்வாசல் பக்கத்தில் நெல்லையம்மாள் அடுக்கி வைத்திருந்த பிச்சிப்பூ மூட்டைமேல் போய் உட்கார்ந்துவிட்டார்.

நெல்லையம்மாள் தினமும் சங்கரன்கோவில் பூச்சந்தைக்கு வருகிறவள். தபசு விலைக்காக அன்று இரண்டாம் தடவை பூ கொண்டுவந்தாள். "என் பூவு போச்சு. எந்திரிங்க, கண்டக்டரே, எந்திரிங்க" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எந்திரிக்க மாட்டாரு, ஆச்சி. அம்மனே ஒத்தக் கால்ல நிக்கா. இவரு ஃபுல்ல அடிச்சிட்டு உக்காந்துட்டாரு" என்றான் ஒரு இளவட்டம்.

"வீடியோ எடுல. முதலாளிக்கு அனுப்புவோம்" என்றான் அவன் கூட்டாளி.

நெல்லையம்மாள் இரண்டாம் தடவை உலுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். இன்னும் குனிந்து அவர் முகத்துக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனாள். நிமிர்ந்து வண்டியைப் பார்த்தாள்.

"இவரு குடிக்கல."

"உனக்கு எப்படித் தெரியும், மதினி?" என்றார் ஒருவர்.

"எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? தாலி கட்டின அன்னைக்கே குடிச்சிட்டு வந்த மனுசன்கூட அவரு சாவுத வரைக்கும் குடும்பம் நடத்தினவ நான். முந்தாநாள் குடிச்சதக்கூடக் கண்டுபிடிப்பேன். இவரு வாயில காப்பித்தண்ணி வாடைதான் வருது."

கைலாசநாதன் அவள் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தார். குரல் மிகவும் கீழே கேட்டது.

"குடிச்சிருக்கேன்னே இருந்துட்டுப் போட்டும்மா. விட்ருங்க."

"இது என்ன கூத்து. குடிக்காத மனுசன் குடிச்சேன்னு சொல்லச் சொல்லுதாரு. ஏன்?"

பொய் சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அது அவரிடம் இல்லை. அதனால் சொல்லிவிட்டார். நரம்பு உறையைச் சொன்னார், கண்ணைச் சொன்னார், செருப்பைச் சொன்னார். நோயின் பெயரைச் சொல்லும்போது நாக்கு இரண்டு இடத்தில் இடறியது. "வலிக்காது. ஒண்ணும் செய்யாது. ஆனா எந்திரிக்க முடியாது. தூங்கினாலும் போவாது. எத்தன நாளாச்சு முழுசா எந்திரிச்சு" என்று முடித்தார்.

செல்போனைத் தூக்கியிருந்தவன் மெதுவாகக் கீழே இறக்கினான். "இது ஒட்டுமா?" என்று கேட்டு ஒருவர் தள்ளி நின்றார். "ஒட்டாது, ஒட்டாது. உம்ம வாய்தான் ஒட்டும்" என்றாள் நெல்லையம்மாள். பிறகு கண்டக்டர் சீட்டில் உட்கார்ந்திருந்த ஆளை எழுப்பிவிட்டு, இன்னொருவரோடு சேர்ந்து கைலாசநாதனைத் தூக்கி அதில் உட்காரவைத்தாள். நசுங்கிய பூவை ஒரு தடவை பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"டிக்கெட் எடுக்காதவ எல்லாம் காச இங்கன அனுப்புங்க. ஊரச் சொல்லி அனுப்புங்க" என்று சத்தம் கொடுத்தாள்.

கூட்டமான வண்டியில் அது பழகிய காரியம்தான். முன்னால் நிற்கிறவர் காசைக் கொடுத்தால் கை மாறிக் கை மாறிப் பின்னால் வரும். டிக்கெட்டும் மிச்சமும் அதே வழியில் திரும்பிப் போகும். அன்றைக்கு வண்டி முழுவதும் அப்படியே நடந்தது. கைலாசநாதன் மடியில் மிஷினை வைத்துக்கொண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார். "என் பாக்கிய எவன் வச்சிருக்கான்" என்று முன்னால் இருந்து ஒரு குரல் வந்தது. "அனுப்பியாச்சு, வே. வழியில பொண்ணு பாத்துட்டு நிக்கும்" என்று நடுவில் இருந்து பதில் போனது.

பஸ் நிலையத்தில் கூட்டம் இறங்கிய பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. தங்கப்பழம் எஞ்சினை அணைத்துவிட்டுப் பின்னால் வந்தார். நடந்ததெல்லாம் கண்ணாடியில் பார்த்திருந்தார், கேட்டுமிருந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னேன். லாட்ஜ் வைத்தியரு படத்தக் கொண்டுவந்து குடுத்தீரு."

தங்கப்பழம் முன்னால் போனார். ரேடியேட்டருக்கு ஊற்ற வைத்திருந்த தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். துண்டை அதில் முக்கி, பிழியாமல் கைலாசநாதன் தலையில் போட்டார். "வண்டி சூடானா ஊத்தத் தெரியுது" என்று முனகிவிட்டு, அங்கேயே படியில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்தார்.

மறுநாள் காலை முதலாளி அப்துல்லா வீட்டுக்கு வந்தார். கையில் ஆப்பிள் பை.

ஆனந்தி நாற்காலி போட்டாள். அவர் உட்கார்ந்து கைலாசநாதன் கையைப் பிடித்துக்கொண்டார். "அல்லா நாயன் லேசாக்குவான், கைலாசம். மொதல்ல உடம்பப் பாரு. வேலை எங்க…"

"முதலாளி." கைலாசநாதன் இதுவரை அவர் பேச்சை நடுவில் வெட்டியதில்லை. "குடிக்கேன்னு நெனச்சுக்கிட்டே இத்தன மாசம் வண்டியில வச்சிருந்தீய. குடிக்கலன்னு தெரிஞ்சதும் எறக்குதீய."

முதலாளி கையை விடவில்லை. வெளியே ஆடிக்காற்றில் தகரக் கதவு அடித்துக்கொண்டது.

"காலையில ரெண்டு நடை, சாயந்தரம் ஒரு நடை. வெயில் நடைக்கு வேற ஆளப் போடுங்க. சம்பளத்தையும் அதுக்குத் தக்கன குறைச்சுக்கோங்க. உக்காந்து டிக்கெட் போடுதேன். நேத்து போட்டேன். முடியாத அன்னைக்கு முடியலன்னு முன்னாலேயே சொல்லிருதேன்."

இவ்வளவையும் சேர்த்துப் பேசியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. முதலாளி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "ஐப்பசி வரைக்கும் பாப்போம்" என்றார். சரி என்று சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ஆப்பிளை வைத்துவிட்டுப் போனார்.

சம்பளம் பாதிக்கு வந்துவிட்டது. ஆனந்தி தறிக்கூடத்தில் கூடுதல் நேரம் இருக்கிறாள். கண்டக்டர் சீட்டில் அவர் உட்கார்ந்து டிக்கெட் போடுகிறார். காசு கை மாறி வருகிறது. புதிதாக ஏறுகிறவர்கள் சிலர், "உக்காந்த எடத்துலயே ராஜ உத்தியோகம்" என்று கிண்டலும் செய்கிறார்கள். சில நாள், பழகினவர்கள் யாராவது விளக்கம் சொல்கிறார்கள். சில நாள் சொல்வதில்லை. அசதி அப்படியேதான் இருக்கிறது. அது போகவில்லை, போகவும் போகாது. ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

நேற்று மத்தியானம் அவர் சிமெண்டுத் தரையில் ஃபேனுக்குக் கீழே படுத்திருந்தார். சாப்பிட வந்த ஆனந்தி வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, பட்டப்பகல்ல அண்ணன் நீட்டிப் படுத்துட்டாவ? மறுபடியும் அதானா?" என்று கேட்டாள்.

"அது இல்லட்டி. அவருக்கு ஒரு நோய் இருக்கு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்."

"என்னது?"

ஆனந்தி பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மறுபடியும் ஒரு தடவை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். கையைத் துடைத்துக்கொண்டு, "வயருக்கு மேல ரப்பர் இருக்கும்லா" என்று ஆரம்பித்தாள். உள்ளே கைலாசநாதனுக்கு எல்லாம் கேட்டது. அவள் ஓரிடத்தில் தப்பாகச் சொன்னாள். திருத்த நினைத்தார். பிறகு, இருக்கட்டும் என்று விட்டுவிட்டுத் தூங்கிப்போனார்.